மிக்ஸியிலேயே ஸ்மூத்தி பவுல்: ஸ்பூனில் அள்ளிச் சாப்பிடுகிற பதத்துக்கு

உறைந்த பழத்தைத் தயிரோடு கெட்டியாக அரைத்துக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுகிற ஸ்மூத்தி பவுல் செய்யப்போய் கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற மில்க்‌ஷேக் ஆகிவிடுகிறதா? உங்கள் கையில் கோளாறில்லை. இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பாதி, பெரிய பிளெண்டர் வைத்திருப்பவர்கள் எழுதியவை. நம் வீட்டு 750 வாட் மிக்ஸிக்குக் கணக்கு வேறு. கீழே இருப்பது நாலு பேருக்கான அளவு.

நன்கு பழுத்த பச்சைப்பழம் (வாழைப்பழ வகை) 4, மாம்பழத் துண்டுகள் 2 கப், கெட்டித் தயிர் அரை கப், உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரை தேவைப்படாது. ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம். மிக்ஸி அதை உடைத்த கையோடு உருக ஆரம்பித்துவிடும், ருசியும் தண்ணியாகிவிடும்.

முதல் நாள் ராத்திரி

வாழைப்பழத்தைத் தோலுரித்து அரை அங்குல வில்லைகளாக நறுக்குங்கள். தோலோடு ஃப்ரீசரில் வைத்தால் காலையில் உரிக்கவே முடியாது. எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மாம்பழத் துண்டுகளை இன்னொரு தட்டில் வைத்து, இரண்டையும் ஃப்ரீசருக்குள் தள்ளுங்கள். ஒரே டப்பாவில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் காலையில் பாறாங்கல்தான் கிடைக்கும். தட்டில் உறைந்த பிறகு டப்பாவுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் அடுத்த வாரத்துக்கும் ஆகும்.

எந்த வாழைப்பழம் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பச்சைப்பழம் அல்லது செவ்வாழை. இரண்டும் வெண்ணெயாக அரைபடும். பூவனில் புளிப்பு தூக்கலாக இருக்கும். கற்பூரவள்ளியில் சில சமயம் விதை மாட்டும். மாம்பழத்தில் பங்கனப்பள்ளி போதும், இமாம்பசந்த் கிடைத்தால் யோகம். நார்ப்பழம் மட்டும் வேண்டாம். மாம்பழ சீசன் முடிந்துவிட்டால் சப்போட்டா.

அரைப்பது

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழத்தை வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். கல் மாதிரி இருக்கும்போதே போட்டால் பிளேடு தடதடக்கும். பெரிய ஜாரை எடுக்காதீர்கள். அதில் பிளேடு காற்றில் சுற்றும், பழம் சுவரில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். மீடியம் ஜார்தான் சரி, அதிலும் பாதி அளவுக்கு மேல் போடக்கூடாது. நாலு பேருக்கு இரண்டு ஈடாக அரைக்க வேண்டியிருக்கும்.

முதலில் தயிர் சேர்க்காமல் பழத்தை மட்டும் போட்டு, மிக்ஸித் திருகியை பல்ஸ் பக்கம் திருப்பி விட்டு விட்டு ஓட்டுங்கள். பழம் பொடிப்பொடியாக உதிரும். மூடியைத் திறந்து ஓரத்தை வழித்துவிட்டு இரண்டு ஸ்பூன் தயிரும் துளி உப்பும் சேர்த்து மறுபடி பல்ஸ். திரும்ப வழித்து, இன்னும் ஒரு ஸ்பூன். ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து பளபளவென்று திரளும், அத்தோடு நிறுத்துங்கள். அரை கப் தயிரும் முழுசாகத் தேவைப்படாமலே போகலாம். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூட்டில் ஜாரும் சூடேறி எல்லாம் இளகிவிடும்.

நடுவில் மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் பதறாதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஜாரைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானாக வெளியே வந்துவிடும். மோட்டார் ஆறியதும் உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். ஆனால் அடுத்த ஈட்டில் பழத்தைக் குறைத்துப் போடுங்கள்.

இட்லி மாவைவிட ஒரு சுற்று கெட்டியாக இருந்தால் பதம் சரி. ஸ்பூனால் இழுத்த கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது.

மேலே தூவ

இதையெல்லாம் அரைப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். கிண்ணங்களும் ஃப்ரீசரில் இருக்கட்டும். படத்தில் அழகாக இருக்கிறதே என்று சிரட்டைக் கிண்ணம் வாங்குகிறார்கள். எனக்கு எவர்சில்வர்தான், சீக்கிரம் சில்லிடும்.

கிரானோலா என்று கடையில் விற்கிற மொறுமொறு ஓட்ஸ் கலவைக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. கெட்டி அவலை வெறும் வாணலியில் சிறுதீயில் மொறுமொறுப்பாகும்வரை வறுத்து, வறுத்த வேர்க்கடலை, எள், தேங்காய்த் துருவல் கலந்தால் ஆயிற்று. மாதுளை முத்து, நறுக்கிய பேரீச்சை உங்கள் இஷ்டம். சப்ஜா விதையைக் கால் மணி நேரம் ஊறவைத்துத்தான் போட வேண்டும். ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேர்க்கடலையை முழுசாகத் தராமல் பொடித்துத் தூவுங்கள். மேலே தேன் விடுவதானால், ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு அது அறவே கூடாது.

பிறகு சேர்த்தது

பப்பாளி போட்டுச் செய்தேன், கசக்கிறது என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தைச் சிதைக்கிற நொதிகள் உண்டு. பால், தயிரோடு சேர்ந்து கொஞ்ச நேரம் இருந்தால் கசப்பு தட்டும். ஃப்ரீசரில் வைப்பதால் அந்த நொதி அழியாது. இந்தப் பழங்களைப் போடுகிற அன்றைக்குத் தயிரைத் தவிர்த்துவிட்டு ஆரஞ்சுச் சாறு ஊற்றுங்கள். அன்னாசியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் தயிரோடு சேரும்.

காலங்கார்த்தாலே இவ்வளவு சில்லென்று சாப்பிடவா என்று மாமியார் கேட்கிறார் என்பது இன்னொரு கமெண்ட். எங்கள் வீட்டிலும் அதே பாட்டுதான். பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று: உறைய வைக்காத பழம், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர், ஒரு ஆளுக்கு இரண்டு ஸ்பூன் ஊறிய அவல். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் குளிர்ச்சி இல்லாமலே கெட்டியாக வரும், கெட்டித்தன்மையை அவல் பார்த்துக்கொள்ளும். இதை முதலில் அரைத்து எடுத்துவிட்டு அதே ஜாரில் உறைந்த பழத்தைப் போடுங்கள், நடுவில் கழுவ வேண்டாம்.