மூளையின் எம்ஆர்எஸ் வரைபடத்தை வாசிப்பது எப்படி: உயரமான முகட்டைத் தேடாதீர்கள்

எம்ஆர்ஐ எடுத்தால் படம் வரும், எல்லோருக்கும் தெரியும். அதே கருவியில், அதே காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்து, படத்துக்குப் பதிலாக, திசுவில் எந்த மூலக்கூறு எவ்வளவு என்று முகடுகளாகக் காட்டும் ஒரு கோட்டு வரைபடமும் எடுக்கலாம். அதுதான் எம்ஆர்எஸ், காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, அடியில் எண்கள், அதுவும் வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் ஏறும் எண்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் எது உயரமான முகடு என்றுதான் தேடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் நன்றாக ஏமாந்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் அடியில் இருக்கும் எண்களைப் பார்த்துவிடுவோம். ஹைட்ரஜனின் அணுக்கரு, அதாவது புரோட்டான், 1 டெஸ்லா காந்தப்புலத்தில் 42.58 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு இசையும். 3 டெஸ்லா கருவியில் சுமார் 127.7 மெகாஹெர்ட்ஸ். எல்லாப் புரோட்டான்களும் துல்லியமாக ஒரே இடத்தில் இசைந்தால் நமக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் ஒவ்வொரு புரோட்டானுக்கும் குடை பிடிக்கின்றன, சிலதுக்குப் பெரிய குடை, சிலதுக்குச் சின்னக் குடை, அதனால் அவை உணரும் புலம் பத்து லட்சத்தில் சில பங்கு மாறுகிறது. அந்த 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு'தான் பிபிஎம். ஹெர்ட்ஸில் சொன்னால் கருவிக்குக் கருவி எண் மாறும், பிபிஎம்மில் மாறாது. 1946இல் இயற்பியலாளர்கள் பிளாக்கும் பர்செல்லும் தனித்தனியாக இந்த ஒத்ததிர்வைக் கண்டுபிடித்தபோது இந்தச் சின்ன விலகல் யாருக்கும் தெரியாது. நான்கைந்து வருடம் கழித்து அது தெரியவந்தபோது அணுக்கருவைத் துல்லியமாக அளக்க நினைத்த இயற்பியலாளர்களுக்கு அது ஒரு தொல்லை. வேதியியலாளர்களுக்கோ அடித்தது யோகம்.

பழக வேண்டுமானால் மூளையில் தொடங்காதீர்கள், எத்தனாலில் தொடங்குங்கள். 1951இல் ஆர்னால்டு, தர்மாட்டி, பேக்கார்டு மூவரும் எத்தனாலை வைத்தபோது மூன்று முகடுகள் தனித்தனியாக வந்தன, பரப்பளவு 3:2:1. மெத்தில் தொகுதியில் மூன்று ஹைட்ரஜன், நடுவில் இரண்டு, ஆக்சிஜனோடு ஒன்று, கணக்கு நேராகிவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள், கணக்குச் சொல்வது பரப்பளவு. உயரம் அதைச் சொல்லாது, அகலமான முகடு குட்டையாகத் தெரிந்தாலும் அதில் புரோட்டான்கள் நிறைய இருக்கலாம். இன்றைய நல்ல கருவியில் பார்த்தால் 1.2 பிபிஎம்மில் உள்ள மெத்தில் முகடு மூன்றாகவும், 3.7 அருகே உள்ளது நான்காகவும் பிளந்திருக்கும். பக்கத்துக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தால் மூன்றாக, மூன்று இருந்தால் நான்காக. பிளவின் இடைவெளி ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ், காந்தத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மாறாது. இந்த 7 ஹெர்ட்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக் குழாயிலிருந்து மூளைக்கு வந்தால் நிலைமை மோசம். ஊசி மாதிரி இருந்த முகடுகள் தடித்துப்போகும். அதைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். நாம் தேடும் மூலக்கூறுகள் லிட்டருக்குச் சில மில்லிமோல் அளவில்தான் இருக்கின்றன, நீரின் சமிக்ஞை அவற்றைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு. 4.7 பிபிஎம் பக்கம் அதை முதலில் அமுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கவே முடியும்.

இப்போது வரைபடம் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முகடுகளைப் பார்க்காதீர்கள். பெட்டி, அதாவது மூளையில் சமிக்ஞை எடுக்கத் தேர்ந்த பகுதி, எங்கே வைக்கப்பட்டது என்று பாருங்கள், மூன்று திசைப் படங்களிலும். ஒற்றைப் பெட்டி முறையில் வழக்கமான அளவு பக்கத்துக்கு 2 செமீ, அதாவது 8 மிலி திசு. அதன் ஓரம் மண்டையோட்டையோ தோலடிக் கொழுப்பையோ காற்றறைகளையோ தொட்டால் வரைபடம் கெட்டது. என் கதைக்கு வருகிறேன். ஒருமுறை 1.3 பிபிஎம்மில் ஜம்மென்று ஒரு முகடு, லாக்டேட் 1.33இல் வரும் என்று மனப்பாடம் வேறு செய்திருந்தேன், உடனே 'ஆக்சிஜன் போதாத திசு' என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் பெட்டியின் படத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார், ஒரு மூலை எலும்புக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் விளக்கம் எழுதியது தலைத்தோலின் கொழுப்புக்கு. கொழுப்பும் அதே 1.3இல்தான் உட்காரும்.

பெட்டி சரி என்றால் அடுத்தது ஷிம்மிங், அதாவது அந்தப் பெட்டிக்குள் காந்தப்புலம் எவ்வளவு சீராக இருந்தது என்பது. இதற்கு ஒரு எளிய சோதனை: கோலின் 3.2இல், கிரியேட்டின் 3.0இல். இரண்டுக்கும் நடுவே பள்ளம் தெளிவாகத் தெரிகிறதா? 3 டெஸ்லாவில் அந்த இடைவெளி 25 ஹெர்ட்ஸ், 1.5 டெஸ்லாவில் 13தான். இரண்டும் ஒரே மேடாகக் கலந்திருந்தால் அந்த வரைபடத்தை மூடி வைத்துவிடலாம், மேலே படிப்பது வீண். அப்புறம் இரைச்சல். எந்த மூலக்கூறும் இல்லாத வலது கோடியைப் பாருங்கள், அங்கே கோடு எவ்வளவு நடுங்குகிறதோ அதைவிட நன்றாக உயர்ந்து நிற்பதைத்தான் முகடு என்று நம்பலாம். இரைச்சலைக் குறைக்கத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காண்பார்கள், 2 விநாடிக்கு ஒன்றாக 128 தடவை என்றால் நாலே கால் நிமிடம். தரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு, அதற்குள் படுத்திருப்பவர் அசைந்துவிடுவார்.

மூன்றாவதாக டிஇ, எதிரொலி நேரம், அதாவது ரேடியோ அலையைத் தட்டியதிலிருந்து சமிக்ஞை எதிரொலியாகத் திரும்பும் வரையான நேரம். இது எழுதப்படாத வரைபடத்தை வாங்கவே வாங்காதீர்கள். 30 மில்லிவிநாடி அருகே எடுத்தால் நிறைய மூலக்கூறுகள் தெரியும், கூடவே முகடுகளுக்கு அடியில் ஓடும் கோடும் மேடுபள்ளமாக இருக்கும். 144இல் எடுத்தால் பல முகடுகள் மங்கி, மிஞ்சுவது சுத்தமாக இருக்கும். அந்த 7 ஹெர்ட்ஸ் இங்கேதான் உதவுகிறது. லாக்டேட்டின் மெத்தில் முகடும் அதே இடைவெளியில் இரண்டாகப் பிளந்தது, விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஏறத்தாழ 144 மில்லிவிநாடி, ஆகவே 144இல் தலைகீழாகத் தொங்கும், 288இல் மறுபடி நிமிரும். கொழுப்பு இப்படிக் குட்டிக்கரணம் போடாது. நான் அன்று 144இல் இன்னொன்று எடுத்திருந்தால் அந்த ஒரு பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இவ்வளவும் தேறினால் முகடுகளைப் படிக்கலாம். வலமிருந்து வாருங்கள். 2.0இல் என்ஏஏ, அதாவது என்-அசிட்டைல் அஸ்பார்டேட், ஆரோக்கியமான பெரியவர்களின் மூளையில் இதுதான் ராஜா, நரம்பணுக்களோடு சேர்ந்தது. 3.0இல் கிரியேட்டின், 3.2இல் கோலின், டிஇ குறைவாக இருந்தால் 3.56இல் மையோ-இனோசிட்டால். 2.1 முதல் 2.5 வரை குளூட்டமேட்டும் குளூட்டமினும் கலந்த குழப்பம், 1.5 டெஸ்லாவில் அதைப் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இடப்பக்கத்திலிருந்து என்ஏஏ முகடு வரை தலைகளைத் தொட்டு ஒரு கோடு போட்டால் ஏறத்தாழ 45 டிகிரியில் ஏறும், ஹன்டர் கோணம் என்பார்கள். அவசரத்துக்கு ஆகும். ஆனால் பச்சிளங்குழந்தையில் கோலின் உயர்ந்தும் என்ஏஏ தாழ்ந்தும் இருப்பதே இயல்பு, வயதைக் கேட்காமல் அந்தக் கோட்டைப் போட்டால் நல்ல குழந்தையை நோயாளி ஆக்கிவிடுவீர்கள்.

என்ஏஏ குறைந்தால் நரம்பணுக்கள் அழிந்தோ நலிந்தோ இருக்கலாம், கோலின் கூடினால் செல்சவ்வுகள் வேகமாக உருவாகிச் சிதைகின்றன என்று கொள்ளலாம். கட்டிகளில் இரண்டும் சேர்ந்து வருவது பழகிய காட்சி. ஆனால் காரணம் எது என்று முகடு சொல்லாது. படமும் நோயாளியின் வரலாறும் மருத்துவரும் சேர்ந்துதான் அதைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் மட்டும் முகடே நேராகப் பேசும்: சீழ்க்கட்டியில் 0.9இல் அமினோ அமிலங்களும் 1.9இல் அசிட்டேட்டும் எழும். கேனவன் என்ற பரம்பரை மூளை நோயில் என்ஏஏ தாறுமாறாகக் கூடும். இன்னொன்று, எல்லோரும் கிரியேட்டினால் வகுத்து விகிதம் சொல்வார்கள், அது மாறாது என்ற நம்பிக்கையில். கிரியேட்டினே உருவாகாத பிறவிக் குறைபாடுகள் உண்டு, அங்கே விகிதம் வானத்தைத் தொடும், பிழை வகுத்த எண்ணில் இருக்கும்.

எல்சிமாடல் போன்ற மென்பொருள் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் தரும், கிராமர்-ராவ் வரம்பு, அந்த அளவு எவ்வளவு நிச்சயமற்றது என்பதன் மதிப்பீடு. 20க்கு மேல் போனால் தூக்கி எறி என்பது பரவலான பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மூலக்கூறு உண்மையிலேயே குறைந்திருந்தால் அந்தச் சதவீதம் தானாகவே கூடும், எறிந்துவிட்டால் கண்டுபிடிப்பையே எறிந்த மாதிரி.

இதே கண்ணோடு, ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் அணுக்கருவையும் பார்க்கலாம். தசையில் பாஸ்போகிரியேட்டினை 0 என்று வைத்துக்கொண்டால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் மூன்று முகடுகளும் அதற்கு வலப்பக்கம், கனிமப் பாஸ்பேட் இடப்பக்கம் 5க்குச் சற்றுக் கீழே. இந்தக் கடைசி முகடு நிற்கும் இடமே தசையின் பிஹெச் அளவு: 4.9 என்றால் 7.0க்குச் சற்று மேல், உழைத்து அமிலம் சேர்ந்து 4.1 பக்கம் நகர்ந்தால் சுமார் 6.5. 1981இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று மெக்கார்டில் என்ற தசை நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் கையைக் காந்தத்துக்குள் வைத்து உழைக்கச் சொன்னது. பாஸ்போகிரியேட்டின் முகடு வழக்கம்போலச் சரிந்தது. கனிமப் பாஸ்பேட் முகடு மட்டும் வலப்பக்கம் நகரவில்லை, கிளைகோஜனை உடைக்க முடியாத தசையில் அமிலம் சேரவே இல்லை.