இழுவை குறைந்த மரவில்லுக்கு வலு ஏற்றுவது எப்படி

சீவிச் சீவி மெலிந்துபோன வில்லில் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பு கால்வாசிக்கு மேல் போய்விடும். ஆனாலும் வழி இருக்கிறது.

முதலில் தொங்கு தராசில் நாணை மாட்டி, 28 அங்குலம் இழுத்து, தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் வில்லின் இழுவை. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசிப் பக்கம் மரம் ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும், அதனால் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் ரெண்டு வாரம் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், சில சமயம் அதுவே போதும்.

போதாதா? ரெண்டு முனையிலும் ஒரு அங்குலம் அறுத்துவிட்டு, நாண் மாட்டும் வெட்டைப் புதிதாகப் போட்டு, நாணையும் குறையுங்கள். சில பவுண்டு ஏறும். ஆனால் 28 அங்குலம் இழுக்கிற வில் 62 அங்குலத்துக்குக் கீழே போவதை நான் விரும்ப மாட்டேன், முறிந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

எனக்குப் பிடித்தது கரிச்சூடு. நாண் கழற்றிய வில்லை, இழுக்கும்போது நம்மைப் பார்க்கும் பக்கம் மட்டும் தணலுக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி பிடித்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் வெளிறிய மரம் டீ நிறத்துக்கு வரும், வறுத்த வாசனையும் எழும். கருக விடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் சூடு பட்டால் நார் வெடிக்கும். அப்புறம் ஒரு வாரம் தொடவே கூடாது, காய்ந்த மரம் கொஞ்சம் ஈரம் திரும்ப வாங்கியாக வேண்டும்.

பிறகு கொஞ்சங்கொஞ்சமாக இழுத்து, வில்லின் ரெண்டு கையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகள், ஒரே மாதிரி வளைகிறதா என்று பாருங்கள்.