நாலு பேர் சேர்ந்து திருத்தக்கூடிய பாடக்குறிப்பு ஒன்றைச் செய்வது எப்படி?

2020 இன் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு நாங்கள் மூன்று பேர், கோப்புகளில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருளான கிட் பற்றி 40 பக்கத்தில் தமிழ்க் கையேடு ஒன்று செய்தோம். பாமினி எழுத்துருவில் தட்டி, பிடிஎப் ஆக்கி, வட்ஸ்அப் குழுவில் போட்டோம். நல்ல பாராட்டு. அதே ஆண்டு ஒக்டோபரில், கிட் வேலைகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப், புதிய ரெப்போக்களின் (கிட் வரலாறு வைத்திருக்கும் கோப்புறைகளின்) முதன்மைக் கிளையை 'மாஸ்டர்' என்பதை விட்டு 'மெயின்' என்று அழைக்கத் தொடங்கியது. எங்கள் கட்டளைகள் பல பிழையாகிப்போயின. 2021 ஓகஸ்ட் 13 இலிருந்து, புஷ் செய்யும்போது, அதாவது மாற்றங்களை அந்தத் தளத்துக்கு அனுப்பும்போது, கடவுச்சொல் கொடுத்தால் ஏற்காது, டோக்கனோ (தளம் ஆக்கித் தரும் நீண்ட குறியீடு) எஸ்எஸ்எச் சாவியோ (கணினியில் வைத்திருக்கும் சாவிக் கோப்பு) வேண்டும் என்றாயிற்று. மிச்சமும் போச்சு. திருத்துவோம் என்று பார்த்தால், மூலக் கோப்பு இருந்த லப்டொப்பை அதற்குள் விற்றுவிட்டோம்.

கையேட்டில் எழுதியது அன்றைக்குச் சரிதான். வேறு ஒருவர் கைவைத்துத் திருத்த வழியில்லாமல் செய்ததுதான் பிழை. இப்போது அதை வேறு மாதிரிச் செய்கிறோம். திறமூல மென்பொருள் பழகும் சின்னக் குழு ஒன்று உங்களிடம் இருந்தால் நீங்களும் செய்யலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

'கிட் முழுவதும்', 'லினக்ஸ் அறிமுகம்' என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கியவை பெரும்பாலும் முன்னுரையோடு நிற்கும். ஒரு கொப்பியை எடுத்து, இரண்டு கிழமைக்குக் குழுவில் யார் என்ன கேட்டாலும் கேட்ட வாக்கிலேயே எழுதுங்கள். எங்கள் கொப்பியில் திரும்பத் திரும்ப வந்தது இது:

"அண்ணை, கொமிட் பண்ணிட்டன், ஆனா கிட்ஹப்பில ஒண்டும் வரேல்லை."

இதுதான் முதல் பக்கம். விடை சின்னது. கொமிட் செய்வது உங்கள் கணினியில் மட்டும் பதிவு வைக்கிறது, வெளியே அனுப்ப புஷ் செய்ய வேண்டும். 'கிட் ஸ்டேட்டஸ்' என்று கேட்டால், உங்கள் கிளை ஒரு கொமிட் முன்னே நிற்கிறது என்று அதுவே சொல்லும். அரைப் பக்கம் போதும். கேள்வியையே தலைப்பாக வையுங்கள். 'தொலைநிலைக் களஞ்சியத்துடன் ஒத்திசைத்தல்' என்று வைத்தால், தேடுகிற பிள்ளைக்கு அது தன் கேள்விதான் என்று விளங்காது.

படி 2: எந்த வகை என்று முடிவெடுங்கள்

கைபிடித்துக் கூட்டிப்போகும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழி, பார்த்துக்கொள்ளும் பட்டியல், ஏன் அப்படி என்ற விளக்கம். மென்பொருள் ஆவணம் எழுதுபவர்கள் பலர் இந்த நான்கையும் பிரித்துத்தான் வைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்று. கொமிட் போகவில்லை என்று தவிக்கிறவருக்கு 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை ஏன் எழுதினார் என்ற கதை தேவையில்லை. அது நல்ல கதைதான், வேறு பக்கத்தில் சொல்லலாம்.

படி 3: சொற்பட்டியல்

இதில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது கலைச்சொற் பட்டியல்களையும் தொகுத்தார். ஒருவர் ஒரு சொல்லும் மற்றவர் வேறு சொல்லும் எழுதினால் படிக்கிறவர் இரண்டும் வேறு பொருள் என்றுதான் நினைப்பார்.

ஆனால் கிறீனின் மாணவர்களுக்கு முன்னால் கணினித் திரை இருக்கவில்லை. எங்கள் மாணவர் அழுத்த வேண்டிய பொத்தானில் ஆங்கிலச் சொல்தான் இருக்கிறது. ஆகவே எங்கள் விதி இது: திரையில் தெரியும் சொல்லைத் திரையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலேயே போடுவோம், அது செய்யும் வேலையைத் தமிழில் சொல்வோம். கொமிட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் ஆக்குவது பற்றி ஒரு ஞாயிறு முழுக்க வாதாடியிருக்கிறோம். அன்றைக்கு ஒரு பக்கமும் எழுதவில்லை. கோப்பு, கோப்புறை, கிளை, கடவுச்சொல் போல எல்லோர் வாயிலும் வந்துவிட்ட சொற்களைத் தாராளமாகப் பாவியுங்கள். பட்டியல் தனிக் கோப்பாக இருக்கட்டும். 30 சொல்லோடு தொடங்கினால் போதும்.

படி 4: எழுதும் முறை

பாமினி வேண்டாம். அதில் தட்டிய எழுத்து, உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாது, தமிழில் தேடினாலும் அகப்படாது. யுனிக்கோட்டில் எழுதுங்கள். பாமினியில் பழகிய விரல்களுக்கு அதே விசை அமைப்பிலேயே யுனிக்கோட் தட்டவும் மென்பொருள் உண்டு, ஆகவே அச்சகத்தில் வேலை செய்யும் அக்காவையும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். எங்களில் வேகமாகத் தட்டுகிறவர் அவர்தான்.

கோப்பு வகை மார்க்டவுன். வரியின் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு, சொல்லின் இரு பக்கமும் ** போட்டால் தடித்த எழுத்து, 1. என்று தொடங்கினால் படிவரிசை. இவ்வளவும் பத்து நிமிடத்தில் பழகலாம். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், யார் எந்த வரியை மாற்றினார் என்று கிட் வரி வரியாகக் காட்டும். வேர்ட் கோப்பில் அது முடியாது.

கோப்புப் பெயரை மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் வைத்தால், இணைப்பை நகலெடுத்து அனுப்பும்போது சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு முழ நீளக் கயிறாக மாறிவிடும்.

ஸ்கிரீன்ஷொட்டைக் கஞ்சத்தனமாகப் பாவியுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது, பொத்தான் இடம் மாறினால் படமே பொய். போடத்தான் வேண்டுமென்றால் தேவையான மூலையை மட்டும் வெட்டி எடுங்கள். மின்னஞ்சல் முகவரி, டோக்கன் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு வரியில் படத்தில் என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள். டேட்டா முடிந்தவருக்கும் கண் தெரியாதவருக்கும் அந்த ஒரு வரிதான் பாடம்.

படி 5: பின்னால் நின்று பார்ப்பது

இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

இந்த விடயம் தெரியாத ஒருவரைப் பக்கத்துக்கு முன்னால் இருத்துங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். வாய் திறக்கக் கூடாது. "அதை இல்லைத் தம்பி, மற்றதை அமத்தும்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். அவருடைய விரல் எந்த இடத்தில் நின்றது, எந்த வரியை இரண்டு தரம் வாசித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் புஷ் பக்கத்தை முதன்முதலில் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு இருந்த ஒரு தங்கச்சியிடம் கொடுத்தோம். மூன்றாம் படியில் 'டேர்மினலைத் திறக்கவும்' என்று எழுதியிருந்தோம், கட்டளை அடிக்கும் சாளரம்தான் அது. திறந்தார். நான்காம் படியில் கட்டளையை அடித்தார், இது கிட் ரெப்போ இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. வேலை செய்யும் கோப்புறைக்குள் போய்த்தான் கட்டளை அடிக்க வேண்டும் என்பதை நாங்கள் மூவருமே எழுதவில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவது போலப் பழகிப்போன ஒன்று. அந்த வரியை அவரையே எழுதச் சொன்னோம். "முதலில் உங்கள் கோப்புறைக்குள் போங்கள். எப்படிப் போவதென்று தெரியாவிட்டால் இங்கே பாருங்கள்" என்று எழுதி, இல்லாத ஒரு பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்துவிட்டார். எங்களின் இரண்டாவது பக்கம் அப்படித்தான் பிறந்தது.

பக்கத்துக்கு இரண்டு பேரிடமாவது இப்படிப் பாருங்கள். சேர் மாரும் ரீச்சர் மாரும் இதற்குச் சரிவர மாட்டார்கள், விடுபட்டதைத் தாங்களே நிரப்பிக்கொண்டு வாசித்துவிடுவார்கள்.

படி 6: வீடும் உரிமமும்

கிட்ஹப், கிட்லாப், கோட்பேர்க் எதிலாவது இலவச ரெப்போ ஒன்று திறவுங்கள். உள்ளே ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பு ஒன்று, சொற்பட்டியல், பாடங்களுக்கு ஒரு கோப்புறை, உரிமக் கோப்பு.

உரிமம் போடாவிட்டால் உலகுக்குத் திறந்து வைத்தது போலத் தெரிந்தாலும் சட்டப்படி முழு உரிமையும் எழுதியவரிடமே இருக்கும், மற்றவர் மாற்றி வெளியிட முடியாது. நாங்கள் எடுத்தது கிரியேட்டிவ் கொமன்ஸ் பை-எஸ்ஏ 4.0. பெயரைச் சொல்லிப் பாவிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். விக்கிப்பீடியாவும் 2023 இலிருந்து இதே பதிப்புக்கு வந்துவிட்டதால் பொருளை இரு பக்கமும் கொண்டுபோகலாம்.

'வணிகத்துக்குப் பாவிக்கக் கூடாது' என்ற வகையைப் பலர் விரும்புவார்கள். நான் மறுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் படிக்கும் இடம் ரியூட்டரி. அங்கே காசு வாங்குகிறார்கள். அந்த உரிமத்தைப் போட்டால் அங்குள்ள ஆசிரியர் எங்கள் குறிப்பைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுக்கவே யோசிப்பார்.

படி 7: திருத்த வழி விடுங்கள்

கிட்ஹப்பில் கணக்கு இருப்பவர், பக்கத்தின் மேலுள்ள பென்சில் குறியை அழுத்தி உலாவியிலேயே திருத்தி, புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) ஆக அனுப்பலாம். கணக்கு இல்லாதவர் குரல் செய்தி அனுப்பட்டும், தாளில் எழுதித் தரட்டும். குழுவில் ஒருவர் அதை ஏற்றிவிட்டு, சொன்னவரின் விருப்பத்தைக் கேட்டு அவர் பெயரையும் போட வேண்டும். முதல் திருத்தத்துக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள். ஒரு மாதம் கிடந்தால் அவர் திரும்ப வரமாட்டார்.

படி 8: இணையம் இல்லாத பிரதி

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. மாதம் ஒருமுறை மார்க்டவுன் கோப்புகளிலிருந்து பிடிஎப் எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். முகப்பில் திகதி கட்டாயம், எது புதியது என்று அப்போதுதான் தெரியும். பிடிஎப்பில் பிழை கண்டால் பிடிஎப்பைத் திருத்தாதீர்கள், மூலத்தைத் திருத்துங்கள்.

ரெப்போவைக் குறைந்தது மூன்று பேர் தங்கள் கணினியில் குளோன் செய்து, அதாவது முழுப் பிரதி எடுத்து, வைத்திருக்கட்டும். ஒவ்வொரு குளோனிலும் முழு வரலாறும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பது பற்றி, 1981 இல் நூலகம் எரிக்கப்பட்ட இந்த ஊரில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு வரி போடுங்கள்: கடைசியாகச் செய்து பார்த்த திகதி, செய்து பார்த்தவர் பெயர். ஆறு மாதம் தாண்டிய பக்கத்தை அடுத்த ஞாயிறு புதிதாக வரும் பிள்ளையிடம் கொடுங்கள். எங்கள் புஷ் பக்கத்தின் அடியில் இப்போது அந்தத் தங்கச்சியின் பெயர்தான் இருக்கிறது. போன மாதம் நான் மாற்றிய ஒரு வரியை, விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.