ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு: பரிசோதனை முடிவைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் ‘மாஸ்டர் செக்கப்’ செய்துகொள்வது பரவலாகிவிட்டது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் நார்மல் என்று வந்தால், இதயத்தைப் பற்றி இனிக் கவலையில்லை என்று பரிசோதனைத் தாள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தவறுகளில் மிகப் பெரியது இதுதான். டிரெட்மில் சோதனை, இதயத் தசைக்கு இன்று போதிய ரத்தம் போகிறதா என்பதையே காட்டும். அதில் மாற்றம் தெரிவதற்குப் பெரும்பாலும் குழாய் 70 விழுக்காடு அளவுக்காவது சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் மாரடைப்புகளில் பல, பாதிகூட அடைபடாத இடத்தில் நிகழ்கின்றன: படிவை மூடியிருக்கும் மெல்லிய உறை கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, சிறிது நேரத்தில் குழாய் மூடிக்கொள்கிறது. ஆகவே வரும் ஆண்டுகளின் ஆபத்தைக் கணிக்க, படிவு இருக்கிறதா, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம். மாட்ரிட் நகரில் 40 முதல் 54 வயது வரையிலான, நோய் அறிகுறி எதுவும் இல்லாத வங்கி ஊழியர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, 63 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு குழாயில் படிவு தென்பட்டது. நம்மவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வந்திருந்தது.

படிவை அறியச் செய்யும் சிடி ஸ்கேன் தருவது கால்சியம் ஸ்கோர்; இதயக் குழாய்ப் படிவுகளில் எவ்வளவு கால்சியம் ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அந்த எண்ணை வயதோடு சேர்த்துப் படிக்காமல் விடுவது அடுத்த தவறு. மஞ்சக்குப்பத்தில் 42 வயதுக்காரர் ஒருவரின் தாளில் ‘மொத்தம் 60’ என்றிருந்தால், நூறுக்குக் கீழே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது; அவர் வயதில் பெரும்பாலோருக்கு அது பூஜ்யமாகவே இருக்கும். அதே 60, எழுபத்தைந்து வயது ஆணுக்கு வந்தால் பொருள் வேறு. பூஜ்யம் என்பது நல்ல செய்திதான், ஆனால் இந்த ஸ்கேன் கால்சியம் ஏறிய படிவை மட்டுமே காணும். மென்மையான புதுப் படிவு அதில் தெரியாது. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தினர் ஆகியோர் பூஜ்யத்தை நம்பி மருந்தைக் கைவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஸ்கோர் 300 என்று கண்டதும் வீடே கலங்கி, மறுநாளே ஆஞ்சியோ, ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் கம்பி வலை) என்று ஓடுகிறது. நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ இல்லாதவருக்கு அந்த எண் மட்டுமே ஸ்டென்டுக்குக் காரணமாகாது. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வும் 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், நிலையான (மாரடைப்பு போன்ற அவசர நிலையில் இல்லாத) இதய நோய் உள்ளவர்களுக்கு, மருந்தோடு ஸ்டென்ட் போன்ற சிகிச்சையைச் சேர்த்ததால் மரணம் குறையவில்லை என்றே காட்டின. படிவு ஓரிடத்து நோயன்று, குழாய்கள் முழுவதையும் பற்றிய நோய். ஓரிடத்தில் கம்பி வலை வைத்தால் மற்ற இடங்கள் அப்படியே இருக்கும். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையிலையை அடியோடு விடுதல் ஆகியவைதாம் எல்லா இடத்துக்கும் சேர்த்து வேலை செய்கின்றன. ஸ்கோர் நூறைத் தாண்டினால் ஸ்டாட்டின் தொடங்குவதே பொதுவான பரிந்துரை.

மாத்திரை தொடங்கிய சில ஆண்டுகளில் மறுபடி ஸ்கேன் எடுத்து, ஸ்கோர் கூடியிருப்பதைக் கண்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது. ஸ்டாட்டின் மென்மையான படிவை இறுகச் செய்கிறது; இறுகும்போது கால்சியம் ஏறுவதால் எண் கூடலாம். மருந்து பலிக்கிறதா என்பதை எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்டிரால் அளவில் பாருங்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது லிப்போபுரோட்டீன்-ஏ அளவையும் பார்த்துவிடுவது நல்லது. பரம்பரையாக வரும் அந்தக் கொழுப்பு சாதாரணக் கொலஸ்டிரால் சோதனையில் தெரியாது.

ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ போகும்போது பழைய ஸ்கேன் தாளையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், சென்ற மாதம் ஸ்கோர் பூஜ்யம்தானே, இது வாயுக் கோளாறாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.