அடிபம்படியில் தொடங்குங்கள்: வருமானம் குறைந்த நாடுகளில் நீரையும் வாழ்க்கையையும் சேர்த்து ஆராய்வது எப்படி?

வருமானம் குறைந்த நாடொன்றில் மக்களின் வாழ்க்கையையும் அவர்களுடைய சுற்றுச்சூழலையும் ஒருசேர ஆராயப் புறப்படும் மாணவர், வினாத்தாளை எழுத உட்காருவதற்கு முன்பே வங்கதேசத்துக் குடிநீரில் கலந்த நஞ்சான ஆர்சனிக்கின் வரலாற்றைப் படித்துவிடுவது நல்லது. ஆய்வு முறைகளைப் பற்றிய பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் சொல்லித்தரும் தவறுகள் அனைத்தும் அங்கே ஒரே கிணற்றடியில் நடந்திருக்கின்றன. அவற்றைத் திருத்திக்கொண்ட விதமும் அங்கேயே கிடைக்கிறது. இந்த வழிகாட்டி அந்த ஒரு நாட்டை வைத்தே செல்கிறது.

குளத்து நீரும் ஆற்று நீரும் காலராவையும் வயிற்றுப்போக்கையும் பரப்பிக்கொண்டிருந்ததால், 1970களிலிருந்து யுனிசெஃப் துணையோடு அரசு ஊரூராக அடிபம்பு பொருத்திய குழாய்க் கிணறுகளைப் போட்டது. பலன் தெரிந்ததும் மக்களே தம் கைப்பணத்தில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983இல் ஆர்சனிக் நஞ்சேறிய நோயாளிகளை அடையாளம் கண்டார். வங்கதேசக் கிணற்று நீரில் அது கண்டறியப்பட்டது 1993இல், சாப்பாய் நவாப்கஞ்சில். இடையில் 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் நாட்டின் சில பகுதிகளில் நிலத்தடி நீரைச் சோதித்து அறிக்கை எழுதியது. பல தனிமங்களை அளந்த அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. இது பிற்பாடு வழக்காகி, அந்த நீரைக் குடித்த மக்களுக்கு ஆய்வகம் சட்டப்படி பொறுப்பாகாது என்று 2006இல் பிரிட்டனின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. சட்டம் அப்படிச் சொல்லலாம். ஆய்வாளர் தம் மனத்துக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் கருத்து.

ஆகவே முதல் வேலை, உங்கள் பகுதியில் இதுவரை எது அளக்கப்பட்டது, எது அளக்கப்படவில்லை என்று எழுதிவைப்பது. இரண்டாவது பட்டியலுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள தரவுகள்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம், ஐ.நா.வின் புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகளின் காலத்தில் (2000–2015) வீடுகளை 'மேம்பட்ட நீராதாரம்' உள்ளவை, இல்லாதவை என்றே பிரித்தது. அடிபம்பு மேம்பட்ட ஆதாரம்; அதன் நீரின் தரம் அந்தக் கணக்கில் சேரவில்லை. குடிநீர் இலக்கை உலகம் 2010இலேயே எட்டிவிட்டது என்ற அறிவிப்பு 2012இல் வந்தபோது, நஞ்சு கலந்த கிணறுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. ஐ.நா.வின் இப்போதைய நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் நீர்' என்று எண்ணப்படுவதற்கு மலக்கிருமி, ஆர்சனிக், ஃபுளோரைடு ஆகியவை இல்லாதிருக்க வேண்டும். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒரே வரைபடத்தில் கோடாக இழுக்கும் முன் இந்த வரையறை மாற்றத்தைக் கவனிக்காவிட்டால், ஓர் ஊர் திடீரென ஏழையாகிவிட்டது போலத் தோன்றும்.

இன்னொரு பொறி வரைபடத்தில் இருக்கிறது. பல நாடுகளில் வீடு வீடாக நடத்தப்பட்ட மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புகளின் தரவை ஆய்வாளர்கள் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆனால் பதிலளித்தவர்களை அடையாளம் காண முடியாதிருக்க, அவற்றில் வரும் ஊர்களின் இருப்பிடப் புள்ளிகள் வேண்டுமென்றே நகர்த்தப்படுகின்றன. நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமப்புறத்தில் 5 கிலோமீட்டர் வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்று 10 கிலோமீட்டர் வரைகூட நகரும். மழையளவோடு ஒப்பிட இது போதும். அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்து மாறுபடும் ஒரு நஞ்சோடு ஒப்பிட இது உதவவே உதவாது. அதற்கு நீங்களே போய் அளந்தாக வேண்டும்.

எத்தனை ஊர், எத்தனை வீடு

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, 64 மாவட்டங்களில் 61இலிருந்து 3,534 கிணறுகளை எடுத்தது. 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ளவற்றில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற நாட்டின் வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 மட்டுமே. நாடு முழுவதற்கும் ஒரு விடை வேண்டுமென்றால் இத்தகைய மாதிரி போதும். 'என் வீட்டுக் கிணறு நல்லதா?' என்று கேட்பவருக்கு அது எதையும் சொல்லாது. டாக்காவுக்கு அருகிலுள்ள அரைஹசாரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் வேறு வழியில் போனார்கள்: சுமார் 55,000 பேர் புழங்கும் கிட்டத்தட்ட 5,000 கிணறுகளையும் ஒன்றுவிடாமல் அளந்தார்கள். கிணறுகளில் ஏறக்குறையப் பாதி நாட்டின் வரம்பைத் தாண்டியிருந்தன. ஆயினும் மக்களில் 90 சதவீதத்துக்கு அருகில் இருப்போருக்கு 100 மீட்டருக்குள் ஒரு நல்ல கிணறு இருந்தது. மாதிரி எடுத்திருந்தால் இந்த இரண்டாவது உண்மை கண்ணில் பட்டிருக்காது. எந்தக் கேள்விக்கு மாதிரி போதும், எதற்கு முழுக் கணக்கு வேண்டும் என்பதை, செலவைப் பற்றி யோசிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மாதிரிதான் என்றால், ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஊருக்குள் வீடுகளைக் குறையுங்கள். ஒரே ஊரார் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் ஒவ்வொரு கூடுதல் வீடும் தரும் புதிய செய்தி குறைந்துகொண்டே போகும். 30 ஊர், ஊருக்கு 20 வீடு என்று 600 வீடுகளைப் பார்ப்பதாகவும், ஊருக்குள் உள்ள ஒப்புமை 0.2 என்றும் வைத்துக்கொள்வோம் (0 என்றால் ஒரே ஊரார் ஒருவரையொருவர் ஒத்தே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி). 20இலிருந்து 1ஐக் கழித்து, 0.2ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் 4.8 வரும், 600ஐ அதனால் வகுத்தால், தற்செயலாகத் தேர்ந்த 125 வீடுகளின் பலம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதே 600ஐ 60 ஊர்களில் பத்துப் பத்தாகப் பிரித்தால் 214 ஆகிறது. பேருந்துச் செலவு கூடும், கூடட்டும்.

கிணற்றடியில்

தண்ணீரைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து கேட்கக் கூடாது; பம்படிக்கே போய்க் கேட்க வேண்டும். வாசலில் பதில் சொல்ல முன்வருபவர் பெரும்பாலும் ஆண். பம்பை அடிப்பவர், எந்தக் குடத்து நீர் சோற்றுக்கு, எது குடிக்க என்று பிரிப்பவர், அண்டை வீட்டில் எடுக்கப் போனால் என்ன பேச்சு வரும் என்று அறிந்தவர் பெண். அவரிடம் பேச ஒரு பெண் கணக்கெடுப்பாளரை அனுப்புங்கள்.

கிணற்றின் ஆழம் எத்தனை மீட்டர் என்று கேட்டால் வாய்க்கு வந்த எண் கிடைக்கும். எத்தனை குழாய் இறக்கினீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தவருக்கு அது மறந்திருக்காது. ஒரு குழாயின் நீளத்தை அந்த ஊர் இரும்புக் கடையில் நீங்களே அளந்துகொள்ளலாம். எந்த ஆண்டு போட்டது என்பதற்கும் இதே வழிதான்: 1988 வெள்ளத்துக்கு முன்பா, 1998 வெள்ளத்துக்குப் பிறகா, மூத்த மகள் பிறந்திருந்தாளா என்று நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்க வேண்டும்.

நீரை எடுக்கும் முறைக்குக் காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. இமயத்திலிருந்து வந்து படிந்த வண்டலில் இரும்பு ஆக்சைடு துகள்களின் மேல் ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. உயிர்வளி இல்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் மக்கிய பொருளைத் தின்னும்போது இரும்பு கரைகிறது, ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு மறுபடி துருவாகிப் புட்டியின் அடியில் படியும்; ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். எடுத்த உடனே சில துளி நைட்ரிக் அமிலம் விடாத புட்டி, ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது நல்ல நீர் என்று பொய் சொல்லும். குழாயில் தங்கிய பழைய நீர் போகச் சில நிமிடம் பம்பை அடித்துவிட்டு நிரப்புங்கள். இருபது புட்டிக்கு ஒன்றையாவது, ஒரே கிணற்றின் இரண்டாவது புட்டியாக வேறு எண்ணிட்டு, ஆய்வகத்துக்குத் தெரியாமல் அனுப்புங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தொகுதியையே நம்ப வேண்டாம். கிருமிச் சோதனைக்கு உரிய புட்டி தனி: அதில் அமிலம் கூடாது, பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். அந்த நீரைப் பம்பில் மட்டும் எடுக்காமல், வங்காளத்தில் 'கொல்ஷி' என்னும் குடத்திலிருந்தும் எடுங்கள், ஏனெனில் பம்பில் தூய்மையாக வரும் நீர் குடத்தில் கெடுவது சாதாரணம்.

களச் சோதனைப் பெட்டியில் ஆர்சனிக் வாயுவாகி, தாளை மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் மாற்றும். 300க்கும் 5க்கும் உள்ள வேறுபாட்டை யாரும் காண்பார்கள். வரம்பை ஒட்டிய 40, 60 ஆகியவற்றில் கண் தடுமாறும். அந்த இடைவெளியில் விழும் கிணறுகளை ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள்.

உடம்பைப் பற்றிய கேள்விகளைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து, மார்பில் கரும்புள்ளிகள் தோன்றுவதை ஊரார் தொழுநோய் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்களின் திருமணங்கள் நின்றுபோயிருக்கின்றன. பெயரும் கிணற்று எண்ணும் ஒரே தாளில் இருக்கக் கூடாது.

முடிவைத் திருப்பிக் கொடுத்தல்

ஆய்வுக் கட்டுரை அச்சாக இரண்டு ஆண்டாகும். அதுவரை அந்த வீட்டுக் குழந்தை அதே நீரைத்தான் குடிக்கும். ஆகவே முடிவைத் தெரிவிக்கும் நாளையும் அதற்கான பணத்தையும் திட்டத்தின் முதல் வரைவிலேயே ஒதுக்குங்கள். அரைஹசாரில் தம் கிணறு பாதுகாப்பற்றது என்று அறிந்த வீடுகளில் சுமார் 60 சதவீதம் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறின. செய்தி ஒன்றே இவ்வளவு செய்தது. மாறாத மீதி வீடுகள் ஏன் மாறவில்லை என்பதுதான் சமூக ஆய்வு. நல்ல கிணறு பகையாளியின் முற்றத்தில் இருக்கலாம், மருமகள் அவ்வளவு தூரம் தனியே போகக் கூடாது என்றிருக்கலாம், ஆர்சனிக்குக்கு நிறமும் மணமும் சுவையும் இல்லாததால் நம்பிக்கையே வராமலும் இருக்கலாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களிடம், நீர் வற்ற வற்ற நஞ்சு செறிவாகும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நாடு தழுவிய திட்டத்தில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பம்புகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். சில ஆண்டுகளில் வண்ணம் உதிர்ந்தது, சோதிக்கப்படாத புதிய கிணறுகளும் முளைத்தன. நீங்கள் வண்ணத்தோடு ஒரு தகரத் தகட்டையும் கம்பியால் கட்டுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் சீட்டில் அளவு, தேதி, மிக அருகிலுள்ள நல்ல கிணறு யார் வீட்டில் இருக்கிறது என்ற மூன்றும் இருக்கட்டும். மூன்றாவதை எழுதும் முன், பிறர் வந்து நீர் எடுக்கச் சம்மதமா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.