இனம், பால்நிலை, வாய்ப்பு: விவாதத்துக்குத் தயாராகும் முறை

கொழும்பு விவாத மேடைகளில் "இனமும் பால்நிலையும் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன" என்ற தலைப்பு வந்தால் இரு அணியும் மனக்குறையைக் கொட்டிவிட்டு இறங்குவதுதான் வழக்கம். நடுவருக்கு வேண்டியது ஆதாரம். தலைப்பை ஆதரித்துப் பேசும் அணிக்கான குறிப்புகள் இவை.

முதலில் களத்தைச் சுருக்குங்கள். கல்வி, வேலை, அரசியல் பதவி ஆகியவற்றில் ஏழு நிமிடப் பேச்சுக்கு இரண்டு போதும்.

சராசரி வருமான இடைவெளியை மட்டும் நம்பாதீர்கள். "அது படிப்பின் வித்தியாசம்" என்று எதிரணி ஒரே வரியில் முடித்துவிடும். மற்றதெல்லாம் சமமாக இருக்க, இனமோ பாலோ மட்டும் மாறும் சான்று வேண்டும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பொஸ்டன், சிக்காகோ வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்கள் போயின. ஒரே தரத் தகைமைகள், பெயர் மட்டும் வேறு. கறுப்பினப் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 50% கூடுதலாக அழைப்பு வந்தது. ஆனால் இது அமெரிக்க வேலைச் சந்தைக்குத்தான் சான்று. அப்படியே கொழும்பின் வெள்ளவத்தைக்குப் பொருத்தினால் அடி வாங்குவீர்கள்.

இலங்கைக்குச் சட்டங்களையும் விதிகளையும் எடுங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போவதைத் தடுத்தது. தகப்பனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பால்நிலைக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

எதிரணிக்கும் கையில் சரக்கு உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளில் 40% இடங்கள் திறமைக்கு, 55% மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எந்த இனமானாலும் கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயரம்தான். ஆகவே "இனமல்ல, இடம்" என்பார்கள். இதை மறுக்காதீர்கள், மறுத்தால் தோற்பீர்கள். ஒரு காரணம் இருப்பதால் இன்னொன்று இல்லாமற்போகாது என்று சொல்லி, மாவட்ட முறைக்கு முன்னர் 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் (பரீட்சை எழுதிய மொழியைப் பொறுத்து வெட்டுப்புள்ளி மாறும் முறை) இருந்ததை நினைவூட்டுங்கள்.

"சிரிமாவோ பண்டாரநாயக்க 1960இல் பிரதமரானாரே, பெண்ணுக்கு எங்கே தடை?" என்பது எதிரணியின் வழமையான பொறி. கணவர் 1959இல் கொல்லப்பட்ட பின்னர்தான் அவர் அரசியலுக்கு வந்தார். அங்கே கதவைத் திறந்தது குடும்பப் பெயர். 2024இல் தெரிவான 225 பாராளுமன்ற உறுப்பினரிலும் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு.

"நீங்கள் ஆண், அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள்" என்ற வரி ஆளைத் தாக்குவது, புள்ளி போகும். வாய்ப்புப் பெற்றவர் உழைக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள், அதை நிறுவ உங்களால் முடியாது.

பிரித்தானியப் பாராளுமன்ற விவாத முறையில் பேச்சின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணியின் குறுக்குக் கேள்விக்கு இடமில்லை. சான்றைச் சொல்லி முடித்த கையோடு ஒரு கேள்வியை ஏற்றுக்கொள்ளுங்கள். பாதியில் ஏற்றால் எண்கள் குழம்பும்.