தென்மேற்குப் பாலைவனச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தென்மேற்குக்குப் புறப்படவிருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தம் பயணத்திட்டத்தைக் காட்டினார். கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி, மெசா வெர்டே, சாக்கோ ஆகிய நான்கும் நான்கே நாளில் முடிவதாக அதில் இருந்தது. என் முதல் பயணத்தில் நானும் இப்படித்தான் திட்டமிட்டேன். தண்ணீரும் தொப்பியும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னும் ஆறாத தவறுக்கே நேராக வருகிறேன்.

மழை பெய்த மண்சாலையில் வாடகைக் கார்

நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் உள்ள பியூப்லோ பொனிட்டோ, இன்றைய பியூப்லோ பழங்குடி மக்களின் முன்னோர் ஏறத்தாழ கி.பி. 850 முதல் 1150 வரை மணற்பாறைத் துண்டுகளை அடுக்கி எழுப்பிய, 600-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட மாளிகை. வடக்கிலிருந்து செல்லும் வழியில் ஏறத்தாழ 21 கிலோமீட்டருக்குத் தார் கிடையாது. ஓர் ஆகஸ்ட் பிற்பகலில், மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகாத நிலையில், வெயில் வந்துவிட்டதை நம்பி அதில் காரை இறக்கினேன். பிசைந்த மாவு போன்ற களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பி அடைத்துக்கொண்டது. ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பத் திருப்ப, கார் வலப்புறமாக வழுக்கிச் சென்று ஓரப் பள்ளத்தில் சாய்ந்தது. இரவு முழுவதும் காரிலேயே கிடந்தேன். தார்ச்சாலைக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற விதியைப் படிக்காமலேயே கையெழுத்திட்டிருந்ததால், இழுவை வண்டிக் கட்டணமும் பழுதுச் செலவும் என் தலையில் விழுந்தன. பணம் போனதைவிட, எதைக் காணப் போனேனோ அதைக் காணாமல் திரும்பியதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஒப்பந்தத்தில் மண்சாலை பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். புறப்படும் நாள் காலையில் பூங்கா அலுவலகத்தை அழைத்துச் சாலை நிலையைக் கேளுங்கள். சாலை ஈரமாக இருந்தால், அதே கட்டட மரபில் எழுந்த ஆஸ்டெக் ரூயின்ஸ் என்னும் இடிபாடுகளுக்குத் தார்ச்சாலையிலேயே போகலாம். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் கட்டியதாகக் குடியேறிகள் தவறாக எண்ணிச் சூட்டிய பெயர் அது. மீட்டுக் கட்டப்பட்ட பெரிய கீவா என்னும் வட்டமான சடங்குக்கூடத்தின் உள்ளே அங்கு நிற்கலாம்.

தலைக்கு மேல் தெளிந்த வானத்தை நம்புவது

1997 ஆகஸ்ட் 12 அன்று, அரிசோனாவில் குறுகிய பாறைப் பிளவாக உள்ள ஆன்டிலோப் கேன்யனில் வெள்ளம் 11 பேரைக் கொண்டுசென்றது. மழை பெய்ததோ பல மைல் தொலைவில். கோடை மழைக்காலத்தில் வழிகாட்டி போகக்கூடாது என்றால் வாதாடாதீர்கள்.

கடிகாரம்

கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனா மாற்றுவதில்லை. அங்குள்ள நவஹோ பழங்குடியினரின் நிலம் மாற்றுகிறது. அதன் நடுவே உள்ள ஹோப்பி பழங்குடியினரின் நிலம் மாற்றுவதில்லை.

ஹோப்பி கிராமங்களில் கேமரா

எடுக்கவே எடுக்காதீர்கள்.

எதிர்க்கரைதானே என்று எண்ணுவது

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பிலிருந்து வடவிளிம்பு பறவைக்கு 16 கிலோமீட்டர். காருக்கு ஏறத்தாழ 345.